ஏழாம் குப்பி

ஈரம் பட்டால் வாயு விடும்படி மரபணு மாற்றிய பாக்டீரியாவை மண்ணில் கலந்து, குப்பியில் மூடி, தினமும் இரண்டு மணிக்கு வாயுவை அளப்பது என் வேலை. காய்ந்த மண் பூஜ்யம் காட்டும்.

அத்தாவை அடக்கம் செய்த அன்று, மூன்று பிடி மண் போட்ட கையைக் கழுவாமல் சஹீர் அண்ணன் வீட்டுக்கு வந்தார். எங்கள் வீட்டில் பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை. அவர் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டி எடுத்தேன். உலர்த்தி, பாக்டீரியா கலந்து ஏழாம் குப்பியில் அடைத்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அதில் அளவு ஏறியது. ஜும்மா தொழுகை முடிந்து அண்ணன் அத்தாவின் கபுர் மேல் தண்ணீர் ஊற்றும் நேரம் அது. பதினோரு வாரம் தவறவில்லை.

நேற்று வெள்ளி. பூஜ்யம். மறுபடி அளந்தேன். பூஜ்யம்.

மாலையில் அண்ணன் வால்பாறையிலிருந்து கூப்பிட்டார். "கீழ எறங்க பஸ் கெடைக்கல அம்மணி. அத்தாகிட்ட இன்னிக்குப் போக முடியாமப் போச்சு."

"தெரியுங்ணா," என்றேன்.