இறுதி ஆட்டத்தன்று தூங்கப் போனவள்

கபடிக் களத்தில் மூன்றாவது முறையாக இசக்கியம்மாளின் தலையில் அடி பட்டது. ரத்தம் இல்லை, ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. ஆனாலும் டாக்டரம்மா விடவில்லை. "தூங்கும்போதுதாம்மா மூளை தன்னோட கழிவைக் கழுவி வெளியேத்துது. லேசான அடிகூட அந்த வேலையை மந்தமாக்கிடலாம். நல்லா ஆறுற வரைக்கும் ஆடாத."

இறுதி ஆட்டத்தன்று மதியம், பயிற்சியாளர் விடுதி அறை வாசலிலேயே வந்து நின்றார். "ரத்தமே வரலியேட்டி, பொறவு என்ன பயம்?"

"பயமில்ல சார். நேத்து என் தங்கச்சி பேரு நெனவுக்கு வரல."

"இன்னைக்கு எறங்கலைன்னா இனி இந்த டீம்ல நீ இல்ல."

தன் ஏழாம் எண் ஆட்டச் சட்டையை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்தினாள். மைதானத்தில் விசில் ஒலித்தது. படுத்திருந்தவளின் கால்கள் தாமாகத் துள்ளின. "சும்மா கெடங்க" என்று அவற்றை அதட்டிவிட்டுக் கண்ணை மூடினாள்.