ஐந்தாவது நீர்மூழ்கி

கூட்ட அறைச் சுவரை அடைத்துக்கொண்டு எதிரி நாட்டுத் துறைமுகத்தின் செயற்கைக்கோள் படம் ஒளிர்கிறது. அதிலுள்ள ஐந்தாவது நீர்மூழ்கி புத்தம் புதிது என்று அறிக்கை எழுதியவள் கடைசி நாற்காலியில் கூனிக்குறுகி இருக்கிறாள். "கழுகுக் கண்ணும்மா உனக்கு! உன் அறிக்கைய நம்பித்தான் நாளைக்கு நம்ம கப்பலுங்க கிளம்புது," என்கிறார் தலைமை அதிகாரி. கைதட்டல் அடங்கவே மாட்டேன் என்கிறது. அவள் மடியில், சற்றுமுன் வந்த இன்னொரு படம். நேற்றைய புயலில் அந்த நீர்மூழ்கியின் வால் துணிபோல மடங்கிக் கிடக்கிறது. காற்றடைத்த வெறும் ரப்பர் பொம்மை. விரல் வியர்வையில் தாளின் ஓரம் நெளிகிறது. "சார், ஒரு விஷயம்..." என்று எழுகிறாள். "அட, நன்றியெல்லாம் எதுக்கு? உக்காரும்மா!" என்று அவர் சிரிக்கிறார். காதுமடல் சுட, படத்தைக் கவிழ்த்துப் பிடித்தபடி அவள் உட்கார்ந்துவிடுகிறாள்.