ஹரிமாவ்61

“நான் முன்னால போறேன். நீங்க என்னை ஒட்டியே வாங்க. பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல?”

அறைக்கு வெளியே சிவநேசன் அப்படியே நின்றுவிட்டான். காலை ஷிப்ட் முடிந்து கூலிம் தொழிற்சாலையிலிருந்து மோட்டாரில் வந்தவன், இன்னும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. உள்ளே அவன் மனைவி காஞ்சனா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, லேப்டாப் முன்னால் உட்கார்ந்து யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

“மாத்திரை போட்டீங்களா? பொய் சொல்லக் கூடாது!”

போன மாதம் அவன் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தபோது, “மாத்திரை மேசை மேல இருக்கு” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனவள் இவள்.

எல்லாம் அந்த ஓநாய் வேட்டை கேமால் வந்த வினை. பனிக்காட்டில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஓநாய்களை விரட்டும் ஆட்டம். ஐந்து வருடமாக அதைக் கன்சோலில் மட்டும்தான் ஆட முடியும். அவர்கள் குடியிருக்கும் பாக்கார் ஆராங்கில் அவன் கூட்டாளிகளுக்குள் கன்சோல் வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான்.

ஞாயிற்றுக்கிழமையானால் அவன் வீட்டு வாசலில் பத்து ஜோடி செருப்பு கிடக்கும். யாருக்கு எத்தனை ரவுண்டு என்று அவன்தான் முடிவு செய்வான். காஞ்சனா ஆசையாய்க் கேட்டால்கூட, “வேணாம், உனக்கு வராது” என்று அவள் கையை நகர்த்திவிடுவான்.

மூன்று மாதத்துக்கு முன் அதே கேம் கம்ப்யூட்டருக்கும் வந்தது. கன்சோல்காரர்களும் கம்ப்யூட்டர்காரர்களும் இணையத்தில் சேர்ந்தே ஆடலாம் என்றார்கள். அடுத்த ஞாயிறே வாசல் காலி. காஞ்சனாவும் தன் லேப்டாப்பில் அதைப் போட்டுக்கொண்டாள்.

இன்று மதியம்கூட கேன்டீனில் கூட வேலை செய்யும் குணாளனிடம் இதைச் சொல்லித்தான் பொருமினான்.

“இப்ப என் கன்சோலுக்கு என்னடா மதிப்பு? டிவிக்குக் கீழ தூசி புடிச்சுக் கெடக்கு.”

“எல்லாருக்கும் கெடைச்சது நல்லதுதானே லா. ஆட ஆளு கூடுதுல்ல?” என்றான் குணாளன்.

“கண்டவனும் வர்றான். ஹரிமாவ்61னு ஒருத்தன். புலியாம்! கம்ப்யூட்டர்லேருந்து எனக்கு மூணு தடவ அழைப்பு அனுப்பினான், சேர்ந்து ஆடலாம்னு. அவன் ஆடறதப் பாத்தேன், துப்பாக்கியவே நேரா புடிக்கத் தெரியல. மூணு தடவயும் தள்ளிட்டேன்.”

“பாவம்டா. உனக்கு மனசு சரியில்ல. ரெண்டு நாள் லீவு போட்டுட்டு பண்டார் பாரு போய் அம்மாவப் பாத்துட்டு வா.”

“நாலு வருஷமா பேசாதவங்க, இப்ப மட்டும் பேசிடுவாங்களா?”

சிவநேசன் காஞ்சனாவை விரும்பிக் கட்டிய நாளோடு அவன் அம்மா பேச்சை நிறுத்தியது குணாளனுக்கும் தெரியும். பள்ளிக்கூட ஆபீசில் முப்பது வருடம் கிராணியாக எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எடுத்த முடிவை அத்தனை சீக்கிரம் மாற்றிக்கொள்கிறவர் இல்லை.

இப்போது அறைக்குள் காஞ்சனா கைதட்டினாள். “அடிச்சிட்டீங்க! சூப்பர்! முதல் நாள் எப்படி நடுங்கினீங்க, இப்பப் பாருங்க!”

சிவநேசன் சத்தமில்லாமல் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தான். திரையில் பனிக்காடு. இரண்டு வேட்டைக்காரர்கள் தோளோடு தோள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் தலைக்கு மேல் காஞ்சனாவின் பெயர். இன்னொருவன் தலைக்கு மேல் ஹரிமாவ்61.

என்னிடம் ஒட்டப் பார்த்தான், நடக்கவில்லை. என் பெண்டாட்டியிடம் ஒட்டிக்கொண்டானா?

“எத்தனை நாளா நடக்குது இது?”

காஞ்சனா துள்ளி எழுந்தாள். “ஐயோ, எப்ப வந்தீங்க?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு. யாரு இவன்?”

“ரெண்டு மாசமா ஆடறோம். நானே சொல்லணும்னுதான் இருந்தேன். அவங்கதான், இப்ப வேணாம், கொஞ்சம் பொறுன்னு…”

“ஓ, அவங்க! மரியாதை வேறயா? நான் வேலைக்குப் போனப்புறம் தினம் மாத்திரை, விசாரிப்பு. எனக்கு ஒரு வாய் தண்ணி கொடுக்க நேரமில்ல உனக்கு!”

“கத்தாதீங்க. அவங்களுக்குக் கேக்கும். முதல்ல நான் சொல்றதக் கேளுங்க.”

“கேக்கட்டும்! நல்லாக் கேக்கட்டும்!”

அவன் ஹெட்போன் வயரை வெடுக்கென்று பிடுங்கி எறிந்தான். லேப்டாப்பின் ஸ்பீக்கரில் பனிக்காற்று ஊளையிட்டது. காஞ்சனா அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் உதறிவிட்டுத் திரைக்கு நேரே குனிந்தான்.

“டேய்! ஆம்பளையா இருந்தா பேரு சொல்லுடா! யார்றா நீ?”

திரையில் ஹரிமாவ்61 பனியில் அசையாமல் நின்றிருந்தான். பிறகு ஒரு மெல்லிய இருமல். தொண்டையைச் செருமிக்கொண்டு, தயங்கித் தயங்கி ஒரு குரல் வந்தது.

“அம்மாடா, சிவா.”