புது ஒயர்

கம்ப்யூட்டரையும் ஹெட்போனையும் இணைக்க, பாட்டு துல்லியமாகக் கேட்கும் என்று நம்பி, கௌரிசங்கர் கொள்ளை விலைக்கு ஒரு ஒயர் வாங்கி வந்தான். ஆலங்குளத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருக்கும் மனைவி ஜோதிலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒயர மாத்துனா பாட்டு மாறுமா? எவனோ உங்களக் கோட்டிக்காரனாக்கிட்டான்!"

"ஏட்டி, ஒருக்கா கேட்டுட்டுப் பேசு."

சோதித்துப் பார்க்காமல் எதையும் மறுக்கக் கூடாது என்று வகுப்பில் சொல்பவள்தான். ஹெட்போனை மாட்டினாள். அவள் பிறப்பதற்கு முன் குற்றாலம் கோயிலில் பதிவான நாதஸ்வரம். பின்னால் அருவி இரைந்தது. அதற்கும் பின்னால் ஒரு பெண் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒயர மாத்துனா பாட்டு மாறுமா? எவனோ உங்களக் கோட்டிக்காரனாக்கிட்டான்!"

அவள் குரலேதான்.

"என்ன ஏமாத்து வேல இது!" என்று ஆத்திரத்தோடு ஒயரைப் பிடுங்கி எறிந்தாள்.

நாதஸ்வரம் நின்றது. அருவியும் நின்றது. ஹெட்போனில் திட்டு மட்டும் நிற்கவில்லை.