உப்புப் பரீட்சை

"வணக்கம் மாமா!"

"சார்னு கூப்பிடு தம்பி. மாமாவா இல்லியாங்கிறத தண்ணி சொல்லட்டும்."

டேவிட் ராஜ் வாசலிலேயே நின்றுவிட்டான். ஒரு கையில் இனிப்புப் பெட்டி, இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில். கடலூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவன், பெட்டியை யார் மடியிலோ வைத்துவிட்டு பாட்டிலை மட்டும் நெஞ்சோடு அணைத்தபடி வந்திருந்தான்.

"உள்ள வாங்க தம்பி. அவுரு அப்படித்தான்." ஜெயராணி இரண்டையும் வாங்கிக்கொண்டாள். "மத்த வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வந்தா பூவும் பழமும் கொண்டாருவாங்க. எங்க வீட்டுக்கு மீன் தொட்டித் தண்ணி கொண்டாரணும். என்ன செய்ய, வாங்குன வரம்!"

அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் லூர்துநாதன் வீட்டு ஹாலைப் பாதி அடைத்துக்கொண்டு நின்றது அந்தக் கடல்மீன் தொட்டி. அவர் கெமிஸ்ட்ரி வாத்தியார். மகள் நித்யா மேரியும் டேவிட் ராஜும் கடலூரில் ஒரே ஆபீஸ். காதல் சேதி வீட்டுக்குத் தெரிந்தபோது அவர் பையனின் சம்பளத்தைக் கேட்கவில்லை, குடும்பத்தைக் கேட்கவில்லை. அவனும் கடல்மீன் வளர்க்கிறான் என்று தெரிந்ததும் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னார்.

"அவன் தொட்டியிலேருந்து ஒரு பாட்டில் தண்ணி கொண்டாரச் சொல்லு. தண்ணிய எப்படி வச்சிருக்கானோ அப்படித்தான் பொண்டாட்டியையும் வச்சிருப்பான். பாஸானா கல்யாணம். இல்லன்னா வந்த பஸ்ஸுலயே திரும்பிடணும்."

இப்போது பரீட்சை மேசை தயார்.

"தொட்டிக்கு என்ன உப்பு போடுற?"

"சென்னையில கொளத்தூர்ல வாங்குறது சார். இங்கயே கலந்து பாக்கெட் போடுறாங்க."

"லோக்கலா!" லூர்துநாதன் நாற்காலியில் சாய்ந்தார். "அலமாரியப் பாரு. மேல இருக்கிறது சிங்கப்பூர் உப்பு, நடுவுல ஜெர்மனி, கீழ அமெரிக்கா. ஒவ்வொண்ணையும் கரைச்சு, ஹைட்ரோமீட்டர மிதக்க விட்டு, கால்சியம் எவ்வளவு, மக்னீசியம் எவ்வளவுன்னு பாக்குறேன். உப்புன்னா விளையாட்டில்ல தம்பி."

"ஆமாமா," அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "வாளி வாளியாக் கரைப்பாரு, நாலு நாள் வச்சிப் பாப்பாரு, திருப்தியில்லன்னு சாக்கடையில ஊத்துவாரு. துணி அலச எனக்கு ஒரு வாளி மிச்சமில்ல. ஆனா குழம்புல உப்பு ஜாஸ்தின்னா மட்டும் அந்த நாக்குக்குத் தெரியாது."

"அது சோறு. இது சயின்ஸ்! ரெண்டு கண்ணாடி டம்ளர் கொண்டா. ஒண்ணுல என் சிங்கப்பூர் வாளித் தண்ணி. இன்னொண்ணுல மாப்பிள்ளை… அதாவது, இந்தத் தம்பி தண்ணி."

நித்யா கதவோரம் வந்து நின்றாள். ஜெயராணி இரண்டு டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தாள்.

லூர்துநாதன் மருந்துக் குப்பியை எடுத்தார். மீன் கழிவு தண்ணீரில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டுகிற சொட்டு மருந்து அது. முதல் டம்ளரில் விட்டுக் கலக்கினார்.

"பாத்தியா? மஞ்சள். எலுமிச்சம்பழம் தோத்துடும். சிங்கப்பூர் சிங்கப்பூர்தான்!"

அடுத்த டம்ளர். மஞ்சள் மெல்ல ஆரஞ்சானது. ஆரஞ்சு கண்ணெதிரே சிவந்தது.

"ஐயையோ!" என்றார் லூர்துநாதன், மகிழ்ச்சியாக.

டேவிட் ராஜ் குனிந்து பார்த்தான். "சார், போன வாரம்தான் தண்ணி மாத்துனேன். என் தொட்டியில இந்தக் கலர் வந்ததே இல்லியே…"

"அப்ப மருந்து பொய் சொல்லுதா?"

"அப்பா, இன்னொரு தடவை பாருங்கப்பா."

பார்த்தார். முன்பைவிடச் சிவந்தது.

"மாசக்கணக்குல தண்ணி மாத்தாத சோம்பேறி தொட்டிதான் இப்படிச் செவக்கும். உப்பும் மட்டம், ஆளும் மட்டம். வாயில்லா ஜீவனுங்க, அதுங்க பேண்டதையே அதுங்க குடிச்சிட்டுக் கெடக்குதுங்க. இதுல மீன் உசுரோட இருக்கா?"

"நல்லா இருக்கு சார். கூப்பிட்டா கண்ணாடிக்கிட்ட வரும்."

"வரும், வரும். காப்பாத்துங்கன்னு கேட்க வரும்!"

ஜெயராணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"கத்துனது போதும். இப்ப முடிவா என்ன சொல்றீங்க? அப்பறம் மாத்திப் பேசுற வேலையே கூடாது."

"நானா மாத்துவேன்? ஏன், உன் மவளுக்காக இப்ப வக்காலத்து வாங்க வந்தியா?"

"நான் யாருக்கும் வாங்கல. உங்க வாயால ஒரு தீர்ப்பு சொல்லிடுங்க. அந்தப் புள்ளையும் பஸ்ஸப் புடிக்கணுமில்ல."

லூர்துநாதன் எழுந்தார். சுவரில் இருந்த மாதா படத்தின் பக்கம் கையை நீட்டினார்.

"மாதா மேல சத்தியமா சொல்றேன். இப்படித் தண்ணி வச்சிருக்கிறவன் வீட்டுல எம்பொண்ணு ஒரு நாளும் இருக்கக் கூடாது! போதுமா?"

"போதும்."

டேவிட் ராஜ் பையை எடுத்துத் தோளில் மாட்டினான்.

"நீங்க உக்காருங்க தம்பி. உங்க பாட்டிலு மூடியே திறக்காம அடுப்படியில இருக்கு." ஜெயராணி புருஷன் பக்கம் திரும்பி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "அந்தச் செவந்த டம்ளர்ல, காலையிலயே நான் மொண்டு வச்சிருந்து ஊத்துனது நம்ம ஹால் தொட்டித் தண்ணிங்க. மாதா மேல சத்தியம் பண்ணிட்டீங்க, இனிமே புள்ளைய இந்த வீட்டுல வச்சிருக்க முடியாது. இந்த ஞாயித்துக்கிழமையே கோயில்ல ஊரறியக் கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லி சாமியாரப் பாத்துட்டு வந்துர்றேன்."