சம்பந்தி வீட்டுக் கலர்

திருத்தங்கலில் என் மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். எதிரே ஆரஞ்சு நிறக் கலர் சோடா கிளாஸ் விளிம்புவரை நுரைக்கிறது. ஆபரேஷனில் என் குடல் நுனியை வயிற்றுக்கு வெளியே எடுத்துத் தைத்து ஐந்து வாரமாகிறது. சட்டைக்கடியில் ஒட்டியிருக்கும் பையில் கழிவும் காற்றும் என்னைக் கேட்காமலே இறங்குகின்றன. சோடா கலந்த எதையும் தொடக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை. இந்த வீட்டில் கை நனைத்தால்தான் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்பது எங்கள் வழக்கம். "என்ன அண்ணாச்சி, நம்ம வீட்டுல குடிக்க யோசிக்கீகளோ?" என்கிறார் மாப்பிள்ளையின் தகப்பனார் தங்கமாரியப்பன். அவர் முகம் சுருங்குகிறது. "அவுகளுக்கு வயித்துல..." என்று ஆரம்பிக்கும் என் மனைவி யோகேஸ்வரியை ஒரு பார்வையில் நிறுத்துகிறேன். நோயாளி வீட்டுப் பெண் என்று என் மகளை யாரும் சொல்லக் கூடாது. கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் குடிக்கிறேன். பக்கத்து அச்சகத்தில் மெஷின் தடதடத்துக்கொண்டிருக்கும்வரை வயிற்றுச் சத்தம் யாருக்கும் கேட்காது, கவலையில்லை. கொஞ்ச நேரத்தில் பை உப்புகிறது. துண்டை மடித்து அதன்மேல் வைத்துக்கொள்கிறேன். கரண்ட் போகிறது. மெஷின் நிற்கிறது, காற்றாடியும் நிற்கிறது. அந்த அமைதியில் என் வயிறு நீளமாக, கூச்சமில்லாமல் முழங்குகிறது. முப்பது வருஷம் பட்டாசுக் கம்பெனியில் என் குரலுக்கு அடங்காத ஆளில்லை. இது அடங்க மாட்டேன் என்கிறது. மாப்பிள்ளையின் தாயார் ஆவுடைத்தாய் சிரிக்கிறாள். "அடடா, அண்ணாச்சியப் பசியோட உக்கார வச்சிட்டமே! ஏட்டி, மொதல்ல இலையப் போடு" என்று அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுக்கிறாள். யோகேஸ்வரி தலையைக் குனிந்துகொள்கிறாள். விரித்த இலையில் சோறு விழுகிறது, அதன்மேல் கரண்டி நிறைய மொச்சைக் குழம்பு.