பாட்டில் இருப்பவள்

“அந்தப் பொம்பள யாருன்னு இப்பவே சொல்லணும், ஆங்கெரான். இல்லேன்னா நாளைக்கு வாத்தியம் வாசிக்க உனக்கு விரல் இருக்காது.”

கம்பளித் துணி வியாபாரி கோபேர், துணி அடிக்கிற கட்டையோடு ஆங்கெரானின் நடுவீட்டில் வந்து நின்றார். அராஸ் நகரில் அவருக்கு முப்பது தறிகள். ஆத்திரமும் அதற்கேற்ற அளவில்தான் வரும்.

ஆங்கெரான் பாட்டுக்காரர். ஈஸ்டரிலிருந்து ஊரே அவர் பாடிய ஒரு பாட்டைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. கல்நெஞ்சக்காரி ஒருத்தியை நினைத்து உருகுகிற பாட்டு. சாயப்பட்டறையில் அதுதான், சந்தையில் அதுதான், கோயில் மணியடிப்பவர் வாயிலும் அதுதான். மறுநாள் பாட்டுச் சங்கத்தின் விருந்து. அந்தப் பாட்டுக்காக அவர் தலையில் பூமுடி சூட்டப்போகிறார்கள்.

“எந்தப் பொம்பள?” என்றார் ஆங்கெரான்.

“தெரியாத மாதிரி கேக்காத. ‘சாம்பல் நிறக் கண்ணழகி’ன்னு பாடுற. என் பொண்டாட்டி மெலிசாந்துக்குக் கண்ணு சாம்பல் நிறம்.”

“இந்த ஊர்ல பாதிப் பேருக்குச் சாம்பல் கண்ணுதான். உங்க கழுதைக்கும் அதேதான்.”

“என் கழுதை தூக்கத்துல சிரிக்குமா?”

“அது எதுக்குச் சிரிக்கணும்?” என்றார் ஆங்கெரான்.

“‘தூக்கத்தில் சிரிக்கும் உதடு, விழித்ததும் இறுகிவிடும்’னு ரெண்டாவது அடியில வருது. மெலிசாந்த் தூக்கத்துல சிரிப்பா. அது பக்கத்துல படுத்துக் கெடக்கிற எனக்குத்தான் தெரியும். உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

அந்த அடி எப்படி வந்ததென்று ஆங்கெரானுக்கு உண்மையிலேயே தெரியாது. அடுப்பில் பட்டாணிக் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்த மனைவி ஒதியேர்னைப் பார்த்தார். அவள் கரண்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கட்டை இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

“புனித மெழுகுவர்த்தி மேல சத்தியம் பண்றேன்,” என்றார் ஆங்கெரான். “அது உங்க வீட்டம்மா இல்ல.”

கோபேர் அசந்துபோனார். பாட்டுச் சங்கத்தார் பூட்டிவைத்துப் பூசிக்கிற மெழுகுவர்த்தி அது. அதன் மேல் பொய்ச் சத்தியம் செய்ய அந்த ஊரில் திருடன்கூடத் துணியமாட்டான்.

“நெசமாவா?”

“வேற எது தெரியாட்டியும் இது எனக்கு நல்லாத் தெரியும். அது உங்க வீட்டம்மாவா இருக்கவே முடியாது.”

கட்டை கீழே இறங்கியது. கோபேர் முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். ஒதியேர்ன் ஒரு குவளையில் பீர் ஊற்றி அவர் முன்னால் வைத்துவிட்டு அடுப்புக்குத் திரும்பினாள். அரைக் குவளை உள்ளே போனதும் அவர் முகத்தில் இருந்த நிம்மதியும் போயிற்று.

“ஏன், அவளுக்கு என்ன கொறச்சல்?”

“ஐயா?”

“இருக்கவே முடியாதுன்னியே. பாட்டுல வர்ற அளவுக்கு அவ இல்லையா? பல்லெல்லாம் வரிசையா இருக்கு. குரல்தான் கொஞ்சம் முரடு.”

“நான் அவங்கள ஒண்ணும் சொல்லலையே.”

“ஒண்ணும் சொல்லாததுதாம்ப்பா பிரச்சன. ஈஸ்டர்லேந்து அது தன்னைப் பத்தின பாட்டுன்னுதான் அவ நெனச்சிட்டிருக்கா. சந்தைக்குப் போகக்கூடப் பண்டிகை உடுப்பு. என்னைத் திட்டி ரெண்டு மாசமாச்சு. நேத்து நான் கேக்காமலே விலாங்கு மீன் பொரிச்சுப் போட்டா. இப்ப நான் போய், ‘அது நீ இல்லடி’ன்னு சொன்னா என் கதி என்ன ஆகும்?”

“சொல்லாம விட்டுடுங்க.”

கோபேர் யோசித்தார். மீதி பீரைக் குடித்தார். பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“நான் இங்க வரவே இல்ல.”

“வரல.”

“நாளைக்குப் பாடும்போது, அந்த ரெண்டாவது அடியில, அவ பக்கம் ஒரு தடவ பாரு.” கொஞ்சம் தயங்கி, “ரொம்ப நேரம் வேண்டாம்,” என்றார்.

கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியவர் வாசலில் நின்றார்.

“அது சரி, அந்தக் கல்நெஞ்சக்காரி நெசமா யாரு?”

“தெரியாதுங்க.”

“நல்ல ஆளுய்யா நீ,” என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார்.

ஆங்கெரான் கதவைத் தாழிட்டு அதன்மேல் சாய்ந்துகொண்டார்.

“ஒதியேர்ன், நீ கட்டின பாட்டால இன்னிக்கு என் விரல் போயிருக்கும்.”

“போகலையே.”

“பன்னெண்டு வருஷமா நீ கட்டுற, நான் பாடுறேன். உன்னை ஒரு வார்த்த கேட்டிருப்பேனா? நீ ‘அவன்’னு வச்ச எடத்துல, பாடுறது ஆம்பளையாச்சேன்னு ‘அவள்’னு மாத்தினேன். நான் செஞ்சது அது ஒண்ணுதான்.”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. அவன். சாம்பல் நிறக் கண்ணன். தூக்கத்தில் சிரிக்கிறவன். கோபேர் அந்தக் கட்டையை இங்கேயே விட்டுப் போயிருக்கக்கூடாதா என்று தோன்றியது.

“யாருடி அவன்?”

ஒதியேர்ன் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். எதிரே உட்கார்ந்து அவருடைய சாம்பல் நிறக் கண்களை நேராகப் பார்த்தாள்.

“அந்தப் பாட்டு யாரப் பத்தினதுன்னு இந்த ஊர்ல எல்லா ஆம்பளையும் கேட்டாச்சு,” என்றாள். “இன்னிக்கு வரைக்கும் கேக்காம இருந்தவர் ஒருத்தர்தான். அவரப் பத்தினதுதான்.”